முப்பத்தோராம் இலக்கம், மணி

வேலைக்கான நேர்முகத்தில் எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்வார்கள். நான் சொன்ன பொய் எண்ணெயில் பொரித்தது.

மெல்பேர்னுக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு ஒழுங்கான ஒரு வேலை அமையவில்லை. விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் ‘லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்’ கேட்டார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கேயிருந்து வரும் என்று திருப்பிக் கேட்க எனக்கு அப்போது ஆங்கிலம் போதாது. (இப்போது போதும். இப்போது யாரும் கேட்பதில்லை.) ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சுப்பர்மார்க்கெற்றில் பாண் (பிரெட்) பைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுவேன். மற்ற ஆறு நாளும் புறநகர் கிரெய்கிபர்னில் வீட்டில் இருந்து, ‘உங்களுக்கு வேலை தர முடியாததற்கு வருந்துகிறோம்’ என்ற மின்னஞ்சல்களை வாசிப்பேன். வருந்துவதில் இந்த நாட்டவரை அடிக்க ஆளில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு சின்ன ஏலக் கடை, விற்பனைக்கு வரும் பழைய பொருட்களைப் படமெடுக்க ஆள் தேடியது. நடத்துபவர் டெப் என்ற பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு நாள் முழுக்க அதைத் தேடுகிறவர். எடுத்த படங்களைக் கொண்டு வரச் சொன்னார். என்னிடமிருந்தவை என் தோழி ஒருத்தி வீட்டில் செய்து விற்கும் சிற்றுண்டிகளுக்காக எடுத்தவை மட்டுமே. டெப் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மீன் கட்லட். பக்கவாட்டில் மீன் கட்லட். பாதியாக வெட்டிய மீன் கட்லட். கோபுரமாக அடுக்கிய ரோல்ஸ்.

“பொருட்களைப் படமெடுத்து எவ்வளவு காலம் அனுபவம்?”

“ஐந்து வருடம்” என்றேன். (ரோல்ஸ் ஒரு பொருள்தானே. ஐந்து வருடம் மட்டுந்தான் பொய். உண்மையில் ஐந்து வாரம்.)

டெப் மறுபடி முதல் கட்லட்டுக்குப் போனார். வடக்கே மறே ஆற்றங்கரையில் ஒரு பழைய பாடில் ஸ்டீமர் நிற்பதாகவும், அதிலுள்ள பொருட்கள் ஏலத்துக்கு வருவதாகவும், அவற்றை ஒழுங்காகப் படமெடுத்துக் கொடுத்தால் வேலை எனக்கே என்றும் சொன்னார். பாடில் ஸ்டீமர் என்பது இரண்டு விலாவிலும் பெரிய மரச் சக்கரம் வைத்த கப்பல். விறகெரித்து, நீராவியால் அந்தச் சக்கரங்களைச் சுற்றி, ஒரு காலத்தில் ஆட்டுக் கம்பளி மூட்டைகளை ஏற்றிப் போனது. இப்போது ஓய்வுபெற்ற சிலர் குழுவாகச் சேர்ந்து அதைப் பராமரிக்கிறார்கள். அதன் கொதிகலன் பழுதாகிக்கொண்டு வந்தது. அதைத் திருத்தத்தான் ஏலம்.

இந்த இடத்தில் என் கணவரை அறிமுகப்படுத்த வேண்டும், ஏனென்றால் பழியில் சரிபாதி அவருடையது. செந்திலுக்கு ஊர் லால்குடி. எனக்கு வவுனியா. மெல்பேர்னில் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்தபோது, குசினியில் யாருடைய சட்டி எது என்று சண்டை பிடித்துப் பிடித்தே கல்யாணத்தில் வந்து நின்றவர்கள் நாங்கள். அவர் கதிரையை நாற்காலி என்பார். ஆமாம் என்பதற்கு நான் ஓம் என்றால் முதல் ஆறு மாதம் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தாராம். வேலை, கணினி மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. (இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.)

ஒரு சனிக்கிழமை காலை அவர் காரோட்ட, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்து ஆற்றங்கரைக்குப் போனோம். கரையிலிருந்து கப்பலுக்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். செந்தில் பலகையைப் பார்த்தார். பலகைக்குக் கீழே ஓடிய தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எனக்கு நீச்சல் தெரியாது வாசு. நான் இங்கயே மரத்தடியில இருக்கேன்.”

“கப்பல் கட்டித்தானேப்பா கிடக்கு. எங்கயும் போகாது.”

“கட்டி வச்சதுதான் அவுந்து போகும்.”

அவர் அன்று கப்பலில் காலே வைக்கவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே ஆரம்பம்.

கப்பலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஜூன், குழுவின் செயலாளர். வெள்ளைத் தலைமுடி, பென்சில் செருகிய காது, கையில் பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கமிட்டு, வர்ணனை எழுதி, டெப்புக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். நான் செய்ய வேண்டியது, வட்டமான இலக்கச் சீட்டுகளை அந்தந்தப் பொருளில் ஒட்டிப் படமெடுப்பது மட்டும். மற்றவர் கென். இயந்திரத்தை ஓட்டுபவர். எழுபதைத் தாண்டியவர், முழங்கை வரை எண்ணெய். நான் வணக்கம் சொன்னபோது கரி படிந்த தொப்பியை ஒரு அங்குலம் உயர்த்தினார். அவ்வளவுதான் பேச்சு. அவருக்குப் பின்னால் தேன் நிறத்தில் ஒரு கிழட்டு நாய்.

நாய் என்னை முகர்ந்தது. என் தோள்பையை முகர்ந்தது. பையில் மத்தியானத்துக்கு மீன் கட்லட் இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து அது என்னுடைய நாய்.

புதுப் படுக்கை விரிப்பொன்றை மேல்தட்டில் விரித்து, பொருட்களை அதன்மேல் வைத்து எடுப்பது என் திட்டம். இணையத்தில் ஒரு காணொளியில் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் காணொளிக்காரருக்குப் பக்கத்தில் விறகெரியும் புகைபோக்கி இருக்கவில்லை. முதல் விளக்கை வைத்துக் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோன நேரம், கென் கீழே அடுப்பில் விறகைத் தள்ளியிருக்க வேண்டும். மேலேயிருந்து கறுப்புத் தூள் மழையாகக் கொட்டியது. விரிப்பு புள்ளிமான் ஆகிவிட்டது. உதறலாம் என்று நான் குனிந்தபோது ஊதலைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். கப்பலின் ஊதல் என்றால் குக்கர் விசில் மாதிரி என்று நினைத்திருந்தேன். ஆயிரம் குக்கர் ஒன்றாகக் கத்தியதுபோல இருந்தது. நான் விரிப்போடு சேர்ந்து தரையில் குந்திவிட்டேன். கரையில் செந்தில் எழுந்து நின்று, “வாசு, வெடிச்சிருச்சா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

அதன்பிறகு விரிப்பைக் கைவிட்டு, பொருட்களை இருந்த இடத்திலேயே எடுத்தேன். திசைகாட்டி, பீங்கான் தட்டுகள், சமையலறைத் தராசு, பழைய பயணச்சீட்டுப் பெட்டி. ஆங்கிலத்தில் எழுதினால் தாமதமாகும் என்று குறிப்புப் புத்தகத்தில் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். எதைக் குனிந்து எடுத்தாலும் நாய் வந்து பக்கத்தில் இருந்தது. தள்ளினேன். திரும்ப வந்தது. கட்லட்டில் பாதி கொடுத்தேன். அது பெரிய பிழை. அதன்பிறகு போகவேயில்லை.

முப்பத்தொன்று கப்பலின் மணி. சுக்கான் அறைக்கு முன்னால் தொங்கியது. என் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கலாம் போன்ற பித்தளை மணி. தட்டிப் பார்த்தேன். ஆற்றின் அந்தக் கரைவரை ஓசை போய்வந்தது. கீழே கென் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். மணியில் சீட்டை ஒட்டினேன். விழுந்தது. துடைத்து ஒட்டினேன். விழுந்தது. மணி முழுக்க யாரோ எண்ணெயை வாரிப் பூசியிருந்தார்கள். மூன்றாவது தடவை விழுந்த சீட்டைத் தேடினேன், காணவில்லை. காற்றில் ஆற்றுக்குள் போயிருக்கும் என்று நினைத்து, நாலு படம் எடுத்து, குறிப்பெழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போனேன்.

சீட்டு ஆற்றுக்குள் போகவில்லை. பசைப் பக்கம் மேலே பார்க்க, மணிக்குக் கீழே பலகையில் கிடந்தது. அதன்மேல் நாய் படுத்தது. பிறகு அது எழுந்து அமர்ந்து என்னைப் பார்த்தபோது, ஆசைக்கு அதையும் அவசரமாக ஒரு படம் எடுத்துவைத்தேன்.

படங்களைத் திங்கட்கிழமை காலைக்குள் டெப்பின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஞாயிறு எனக்குப் பாண் வேலை. செந்தில், “நான் ஏத்தி வைக்கிறேன், நீ போய்ட்டு வா” என்றார். இலக்கத்துக்கு ஒரு நல்ல படமாகத் தேர்ந்து, அந்த இலக்கத்தைப் பெயராக வைத்து ஏற்றினால் போதும். வர்ணனை தானாக வந்து சேரும். குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து கேட்டேன்.

“எல்லாம் சரியா?”

“ஒண்ணு ரெண்டு தடவ சரி பாத்துட்டேன். ஒரு தப்பு இல்ல.”

பிழை கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவர் சொல்கிறார். நம்பினேன்.

திங்கள் காலை டெப்பின் கடைக்குப் போகப் பேருந்துக்குக் காத்து நின்றபோது அவரே அழைத்தார்.

“வாசுகி, முப்பத்தொன்றைத் திறந்து பார்.”

திறந்தேன். படம் அருமையான படம். நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழ, நாய் கம்பீரமாக அமர்ந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக் கமராவைப் பார்த்தது. விலாவில் பளிச்சென்று 31. படத்துக்குக் கீழே ஜூன் எழுதிய வர்ணனை:

‘இக்கப்பலுக்கே உரியது. முழுவதும் அசல், மாற்றுப் பாகங்கள் இல்லை. அடிப்பகுதியில் வயதுக்கேற்ற தேய்மானமும் ஒரு சிறு பள்ளமும் உண்டு. ஓசை கணீரென்று எழும். வாங்குபவர் தானே வந்து கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும்.’

“பத்தொன்பது பேர் விலை கேட்டிருக்கிறார்கள்” என்றார் டெப். “மணிக்கு நான் எதிர்பார்த்ததைவிடக் கூடிய விலை.”

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. வீட்டுக்கு நடந்தேன். செந்தில் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். காதில் கருவியோடு ஏதோ கூட்டத்தில் இருந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறீங்கள்? மணிக்குப் பதிலா நாயைப் போட்டிருக்கிறீங்கள்.”

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் குற்ற உணர்ச்சியின் சாயலே இல்லை.

“ஆமா. மணியத்தான் போட்டிருக்கேன்.”

“இது மணியா?”

“நாயோட பேரு மணி இல்லையா?”

எனக்குத் தலை சுற்றியது. குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையெழுத்தையே எனக்கு வாசித்துக் காட்டினார், நீதிமன்றத்தில் ஆவணம் வாசிப்பதுபோல.

“‘முப்பத்தொண்ணு. மணி.’ எங்க ஊர்ல பத்து நாய்ல எட்டு நாய்க்கு மணின்னுதான் பேரு. சரியா? நாய் மேல முப்பத்தொண்ணு ஒட்டியிருக்கு. சரியா? ‘பித்தளை.’ நெறத்தச் சொல்றேன்னு நெனச்சேன். ‘நல்ல பழசு.’ நாயப் பாத்தாலே தெரியுது. ‘நாக்கு நீளம்.’ நீயே பாரு.”

மணிக்குள் தொங்குகிற நாக்கைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

“‘தட்டினால் சத்தம் பெரிசு’ எண்டு எழுதியிருக்கே, அதுக்கு என்ன நினைச்சீங்கள்?”

“தட்டிக் குடுத்தா கொரைக்கும்னு.”

கோபப்பட நான் முழு ஆயத்தத்தோடு நின்றேன். ஆனால் ஒரு வரியில்கூட அவர்மேல் பிழை சொல்ல முடியவில்லை. வவுனியாவில் நாய்க்கு ஜிம்மி என்றோ வீமன் என்றோ பெயர் வைப்பார்கள். மணி என்றொரு நாயை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. இரண்டு பேரும் தமிழர்தான், ஒரே தமிழைத்தான் வாசித்தோம். நடுவில் ஒரு நாய் புகுந்துவிட்டது.

“ஏலத்துல நாய எதுக்கு விக்கிறாங்கன்னு யோசிக்கேல்லையா?”

(பதற்றத்தில் எனக்கு அவருடைய தமிழும் என்னுடைய தமிழும் கலந்துவிடும்.)

“யோசிச்சேன். பாவம், கஷ்டம் போலன்னு விட்டுட்டேன்.”

டெப் படத்தை உடனே எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது கைக்குக் கை மாறி ஊரெல்லாம் போய்விட்டது. மணியின் மற்ற நாலு படத்தையும் பார்த்தோம். முதலாவதில் நாயின் தலை. இரண்டாவதில் முதுகு. மூன்றாவதில் வால் மணியின் குறுக்கே. நாலாவதில் மணியே இல்லை. சனிக்கிழமை மாலை ஏலம், புதிய படம் அன்று மூன்று மணிக்குள் வராவிட்டால் முப்பத்தொன்றை ஏலத்திலிருந்து நீக்க வேண்டியிருக்கும் என்றார் டெப். “சனிக்கிழமை நீயே போய், மன்னிப்புக் கேட்டு, படத்தை எடுத்து அனுப்பு. வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.” குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கு முன் இன்னொரு தண்டனை இருந்தது. அதிக விலை கேட்டவரிடம் நானே பேசி விளக்க வேண்டும். அவர் தஸ்மேனியாவிலிருந்த ஒரு மூதாட்டி.

“உங்களுக்கு நாயை விற்க முடியாது. மன்னிக்க வேண்டும்” என்றேன் ஆங்கிலத்தில்.

“அதற்கு யாரும் முந்திவிட்டார்களா?”

“இல்லை. அது நாயல்ல. அது பெல்.”

“பெல்லா? ஆண் நாய் என்றல்லவா நினைத்தேன்.” (பெல் என்று இங்கே பெண்களுக்கும் பெயர் உண்டு.)

“ஆண் நாய்தான். ஆனால் அது பெல் இல்லை. பெல் வேறு.”

“இரண்டு நாய் இருக்கிறதா?”

இருபது நிமிடம் பேசினோம். கடைசியில் அவருக்குப் புரிந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. போனை வைக்கும் முன், “அவன் கோழிகளோடு ஒத்துப்போவானா?” என்று கேட்டார்.

சனிக்கிழமை, மன்னிப்புக்கு முன்கூட்டியே துணையாக ஐம்பது மீன் கட்லட் பொரித்துக்கொண்டு புறப்பட்டேன். வழி முழுக்க மன்னிப்பை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். செந்தில் காரோட்டிக்கொண்டே இலக்கணப் பிழை பிடித்தார். கரையில் இறங்கி, கட்லட் பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஒருவருடைய நாயை உலகத்துக்கே விற்பனைக்கு வைத்துவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது. இந்த வேலையும் போனால், அடுத்த வருந்தும் மின்னஞ்சல் வரும்வரை என்ன செய்வது. செந்தில் மடிக்கணினியோடு மரத்தடியில் இருந்தார். நான் எடுக்கும் படத்தைக் கொண்டு ஓடிவந்தால் அவர் அனுப்புவார். அதுதான் ஏற்பாடு.

கென் கப்பலில் நின்றார். நான் வழியெல்லாம் பழகிய மன்னிப்பின் முதல் வசனத்தைத் தொடங்கினேன். அவர் கட்லட் பெட்டியை வாங்கி, ஒன்றைத் தின்று, ஒன்றை நாய்க்குக் கொடுத்தார்.

“டியூக் நாலு நாளாக நடக்கிற நடையே வேறு. யாரோ சொல்லிவிட்டார்கள்போல, தன் விலையை” என்றார். நான் அவரிடமிருந்து கேட்ட முதல் பேச்சு அது.

நாயின் பெயர் டியூக். செந்திலுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது.

டியூக்கைக் கயிற்றில் கட்டிவிட்டு, மணியைப் படமெடுத்தேன். முன்னால், பின்னால், பக்கவாட்டில், நாக்கு. பன்னிரண்டு படம், ஒன்றிலும் உயிருள்ள எதுவும் இல்லை. நேரம் ஒன்றரை. தாராளமாகப் போதும். கமராவைப் பைக்குள் வைத்துத் திரும்பியபோது, கரை என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

பலகையை எப்போது எடுத்தார்கள் என்று தெரியாது. விலாச் சக்கரங்கள் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டின. கப்பல் ஆற்றின் நடுவுக்கு வந்துவிட்டது.

“கென், நான் மூன்று மணிக்குள் படம் அனுப்ப வேண்டும்.”

“அப்படியா. ஆற்றில் சிக்னல் கிடைக்காது.”

“எப்போது திரும்புவோம்?”

“சொல்ல முடியாது. எதிர்நீரோட்டம்.”

கடத்தப்படுவதைப் பற்றி நான் செய்திகளில் வாசித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் வேகமான வாகனம் ஒன்று இருக்கும். என்னைக் கடத்திய கப்பல் மனிதர் நடக்கிற வேகத்தில் போனது. அதற்குச் சாட்சி செந்தில். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கரையோரமாக எங்களுக்குச் சமாந்தரமாக அவர் நடந்து வந்தார். ஓடக்கூடத் தேவைப்படவில்லை.

“வாசு, எங்க போற?”

“எனக்குத் தெரியாதுப்பா.”

“மணி ஒண்ணே முக்கால்.”

“தெரியும்.”

இப்படியே கொஞ்ச தூரம் பேசிக்கொண்டு போனோம். பிறகு ஒரு சிற்றோடை வந்து ஆற்றில் சேர்கிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். கப்பல் வளைவைத் தாண்டியது. செந்திலைக் காணவில்லை.

ஜூன் எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து தந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே அவரும் உடந்தை என்று விளங்கியது.

“மணியை விற்பதா வேண்டாமா என்று குழுவில் வாக்கெடுத்தோம். ஒரு வாக்கால்தான் விற்பது என்று முடிவானது” என்றார்.

“கென் எதிர்த்தாரா?”

“கென் பேசவேயில்லை. எண்ணெய் வாளியோடு எழுந்து போய்விட்டார்.”

கென் சுக்கானைப் பிடித்தபடி, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கொதிகலன் இல்லாமல் இவளால், இந்தக் கப்பலால், ஓட முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் மணி இல்லாத கப்பல் ஒரு சூடான கொட்டகை. அன்று காலை மூன்று தடவை எண்ணெய் பூசினேன். சீட்டு ஒட்டாமல் விட்டால் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன்.” சற்றுப் பொறுத்து, “டியூக்கில் ஒட்டும் என்று நினைக்கவில்லை” என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மறுபுறம் என் வேலை. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கப்பல் முழுக்க நடந்தேன். சுக்கான் அறையில் உட்காருவதற்கிருந்த மர வாங்கின்மேல் ஏறி நின்றபோது ஒற்றைக் கோடு சிக்னல் வந்தது. படத்தை அனுப்ப அது போதாது. பேசப் போதும். என்ன சொல்வது? கப்பல் பழுது என்று சொல்லலாம். கமரா விழுந்துவிட்டது என்று சொல்லலாம். பொய்கள் வரிசையாக வந்து நின்றன, ரோல்ஸ் மாதிரி. ஆனால் அன்றைக்கு எனக்குப் பொய் அலுத்துவிட்டது.

டெப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் எடுத்ததை, கடத்தப்பட்டதை, கென்னை, எண்ணெயை. நிறுத்தத் தெரியாமல், “எனக்கு ஐந்து வருட அனுபவம் இல்லை, ஐந்து வாரம்தான்” என்பதையும் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் டெப் கண்ணாடியைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்து மூடுவது கேட்டது.

“தெரியும் வாசுகி. அந்தக் கட்லட் படங்களில் கொத்தமல்லி மட்டும்தான் தெளிவாக இருந்தது.”

“அப்படியென்றால் ஏன் என்னை எடுத்தீர்கள்?”

“எல்லாப் படத்திலும் தட்டு துடைத்திருந்தது. அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. மற்றதைச் சொல்லிக் கொடுக்கலாம்.” பிறகு, “போனை ஜூனிடம் கொடு” என்றார்.

ஜூன் வாங்கின்மேல் ஏறினார். நான் அவர் விழாமல் பிடித்துக்கொண்டேன். மணியை நீக்கிவிடவா என்று டெப் கேட்டிருக்க வேண்டும். ஜூன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, திரும்பச் செருகினார்.

“அந்த ஒரு வாக்கு என்னுடையதுதான். மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நீக்கிவிடுங்கள்.”

கென் தொப்பியை ஒரு அங்குலம் உயர்த்தினார். சுக்கானைச் சுற்றினார். எதிர்நீரோட்டம் அந்த நிமிடமே சரியாகிவிட்டது. இருபது நிமிடத்தில் திரும்பினோம்.

சிற்றோடை சேர்கிற இடத்தில் செந்தில் நின்றார். எங்களைத் தொடர்வதற்காக ஓடைக்குள் இறங்கியிருக்கிறார். முழங்காலுக்கு மேல் சேறு. தலைக்குமேல் இரண்டு கையாலும் மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்திருந்தார். நீச்சல் தெரியாதவர், ஒரு பலகைக்குப் பயந்தவர், தண்ணீருக்குள் நின்று, “இன்னும் இருபது நிமிஷம் இருக்கு வாசு, குடுத்துரலாம்” என்று கத்தினார்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவர் எனக்குச் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னதுபோல் இருந்தது எனக்கு. “வேண்டாமப்பா, வெளியால வாங்கோ” என்றேன். கென் கப்பலை மெல்லக் கரையோடு அணைத்து, அவரைக் கையைப் பிடித்து ஏற்றினார். செந்திலின் முதல் கப்பல் பயணம் அப்படித்தான் நடந்தது. ஏறியதும் முதல் வேலையாக நாயைப் பார்த்து, “மணி” என்று கூப்பிட்டார். டியூக் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. (கையில் கட்லட் இருந்தது என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.)

முப்பத்தொன்று வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஜூன் அதில் வேறொன்றைப் போட்டார். ‘டியூக்கோடு கப்பலில் ஒரு நாள், மணியடிக்கும் உரிமையும் சேர்த்து.’ அன்றைய ஏலத்தில் அதற்குத்தான் கடும் போட்டி. வென்றது தஸ்மேனியா மூதாட்டி. தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் போய்ப் படமெடுத்தேன். அவர் அன்றைக்கு மணியைப் பதினேழு தடவை அடித்தார் என்று கென் என்னிடம் முறையிட்டார். கொதிகலன் உடனே சரியாகிவிடவில்லை. இன்னும் ஒரு வருடம் கேக் விற்று, சீட்டுக் குலுக்கித்தான் திருத்தினார்கள். இப்போது கப்பல் ஓடுகிறது, மணியோடு.

நான் டெப்பிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். கொத்தமல்லி தவிர்ந்த பொருட்களும் இப்போது தெளிவாக விழுகின்றன. டெப் எங்களுக்கென்று ஒரு சரிபார்ப்புத் தாள் அச்சடித்து வைத்திருக்கிறார். படத்தை ஏற்றுவதற்கு முன் நிரப்ப வேண்டும். முதல் கேள்வி, ‘பொருள் மூச்சு விடுகிறதா?’ புதிதாகச் சேர்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏன் என்று கேட்பார்கள். டெப் என் பக்கம் பார்ப்பார். நான் கமராவைத் துடைப்பேன்.

செந்தில் அந்தத் தாளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். வேலை முடிந்து வந்து நான் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினால், பேனையோடு பக்கத்தில் வந்து நிற்பார். குனிந்து என் மூக்கருகே காதை வைப்பார்.

“விடுது” என்பார், தாளில் குறித்துக்கொண்டே. “நல்ல பழசு. சத்தம் பெருசு. போடலாமா?”

நான் கண்ணைத் திறக்காமல் சொல்வேன், “வாங்கிறவர் தானே கழட்டிக்கொண்டு போகவேணும்.”

அவர் போய்த் தேத்தண்ணி போடுவார்.